இருமுறை நடந்தருளிய தூது

சிவமயம்
திருச்சிற்றம்பலம்

(வானகரத்தில் கும்பாபிஷேக விழாவினையொட்டி நிகழ்ந்த சொற்பொழிவு)



ஓர் ஊரில் திருப்பணி தொடங்கினால் கோபுரம் உயருமுன் வழக்கு உயர்ந்துவிடும் என்று முதியோர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு. கல்லிலே எவர் பெயர் முன்னே பொறிக்கப்படுவது, பரிவட்டம் முதலில் எவர்க்குக் கட்டுவது, யாகசாலையினின்று கடம் புறப்படும்போது முன்வரிசையில் நடப்பவர் எவர் என்னும் வினாக்கள் எழாத ஊர் மிக அரிது. பொன்னும் நெல்லும் வாரி வழங்கிய கையே மறுநாள் நீதிமன்றப் பத்திரத்திற் கையொப்பம் இடுவதும் உலகம் கண்டதே. கேட்பதற்கு நகைப்பாயிருப்பினும் இதன் விளைவு நகைப்புக்குரியதன்று. ஒரு தலைமுறையிற் கோயில் வாயிலில் தோன்றிய மனத்தாங்கல், அடுத்த தலைமுறையில் திருமணத்திற்கு அழையாமையாய், இழவிற்குச் செல்லாமையாய் வளர்ந்து, ஒரே குளத்து நீரை உண்டு வாழ்ந்த இரண்டு குடும்பங்களை அயலார் ஆக்கிவிடுகின்றது. ஆதலின், கடம் நீராட்டிய இந்நன்னாளிற் பிணக்கைத் தீர்க்கும் நெறியைப் பற்றிச் சிந்திப்பது பொருத்தமேயாம்.

இச்சிந்தனைக்கு வேண்டும் பொருளைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வானகரத்திற்குத் தென்மேற்கே குன்றத்தூர் இருக்கின்றது. திருத்தொண்டர் புராணம் அருளிச்செய்த சேக்கிழார் பெருமான் அவதரித்த பதி அது. சேக்கிழார் ஏட்டுப் புலவர் மட்டும் அல்லர். சோழ மன்னனுக்கு முதலமைச்சராய் அமர்ந்து நாடு காத்தவர். வழக்குகள் எங்ஙனம் பிறக்கின்றன, எங்ஙனம் முற்றுகின்றன, எங்ஙனம் தணிகின்றன என்பதை நாள்தோறும் கண்டவர். அவர் பாடிய அடியார் வரலாறுகளில் இரண்டிடங்கள் அமைச்சரின் கண்கொண்டு நோக்கப்பட்டவை என்பது கற்பார்க்கு எளிதிற் புலனாகும்.

அவ்விரண்டனுட் புகுமுன் ஒன்று கூறிவிடல் நலம். வானகரத்திற்கு மிக அண்மையிலுள்ள திருவேற்காட்டிலும் ஒரு நாயனார் அவதரித்தார். அவர் மூர்க்க நாயனார். அடியார்க்கு அமுது அளிக்கும் பொருட்டுச் சூதாடி, ஆட்டத்தில் மறுத்தாரைச் சுரிகை உருவிக் குத்தியவர் அவர். அவருடைய அன்பு வணங்கத் தக்கது. ஆயின் அவர் வழக்குத் தீர்த்த முறையை ஊரார் பின்பற்ற வேண்டும் என்று எவரும் கூறார்.

முதலாவது இடம் திருவெண்ணெய்நல்லூர்ச் சபை. புத்தூரில் நம்பியாரூரர் திருமணப் பந்தரில் அமர்ந்திருந்தபோது முதிய வேதியர் ஒருவர் வந்து, இவன் தமக்கு வழிவழி அடிமை என்று வழக்கிட்டார். நம்பியார் அவரைப் பித்தர் என்று இகழ்ந்தார்; அவர் காட்டிய ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். முதியவரோ விட்டாரில்லை. வழக்கு வெண்ணெய்நல்லூர் அந்தணர் அவைக்குச் சென்றது. அந்தணர் ஒருவர் மற்றோர் அந்தணர்க்கு அடிமையாதல் அந்நாள் வரை எவரும் கேளாத பேச்சு. அவையோர் அதனை வாய்விட்டே கூறினர். கூறியபின் முதியவரை எள்ளி வெளியே அனுப்பிவிட்டாரா எனின், இல்லை. ஆட்சியா, ஆவணமா, அயலார் சாட்சியா, மூன்றனுள் எதனால் நிறுவுவீர் என்று வினவினர். கிழிபட்டது படியோலை, மூலவோலை தம்மிடம் உளது என்றார் முதியவர். அதனைக் காட்டுமாறு கேட்டபோது, இதனையும் இவன் கிழித்தால் என் செய்வது என்று அவர் அஞ்சினார். அவ்வாறு நிகழாது என்று அவையோர் உறுதியளித்த பின்னரே ஓலை வெளிப்பட்டது. கரணத்தார் வாங்கிப் படித்தார். சாட்சியிட்டோர் கைச்சாத்தை அவையோர் நோக்கினர். அதனோடும் அமையாது, நம்பியின் பாட்டனார் எழுதிய வேறோர் ஏட்டைக் காப்பிலிருந்து வருவித்து எழுத்தோடு எழுத்தை ஒப்புநோக்கினர். இரண்டும் ஒத்தன. தீர்ப்பு நம்பிக்கு மாறாயிற்று.

இங்கே நோக்கற்பாலது தீர்ப்பு அன்று, கேட்ட முறையேயாம். வல்லவர் பக்கம் நின்றவர் மணமகனார். திருமுனைப்பாடி மன்னர் வளர்த்த செல்வப் பிள்ளை. சுற்றம் முழுவதும் உடன் வந்திருந்தது. முதியவரோ தனியர், முன்பின் அறியப்படாதவர். கேளாத வழக்கைக் கொண்டுவந்தவர் என்பதற்காக அவையார் அவரைத் தள்ளிவிடவில்லை. அவர்தம் அச்சத்தையும் ஒரு பொருட்டாக மதித்து, முதலில் அதனை நீக்கினர். அச்சம் நீங்காதவன் தன் ஓலையை வெளியே எடான். இன்று வீட்டுக் கூடத்தில் இருவரை அமர்த்தி ஞாயம் பேசும் பெரியோர் பலர், எளியவன் மடியிலுள்ள ஓலை வெளிவருமுன்னரே தீர்ப்பைச் சொல்லிவிடுகின்றனர்.

ஆயினும் இவ்வழக்கில் ஓலை இருந்தது, எழுத்து இருந்தது, ஒப்புநோக்க இடம் இருந்தது. கணவன் மனைவியர் பிணக்கிற்கு ஓலை ஏது? அண்ணன் தம்பியர் மனத்தாங்கலுக்குக் கைச்சாத்து ஏது? மாமியார் கூறிய ஒரு சொல்லுக்கு மூலப்பிரதி எவ்வேட்டில் உளது? இத்தகைய பிணக்கிற் சபை செய்யத்தக்கது சிறிதே. அவ்விடத்து வேண்டப்படுவோன் நடுவே நடப்பவன். அவனைச் சேக்கிழார் திருவாரூர்த் தெருவிலே காட்டுகின்றார்.

அத்தெருவிற்குச் செல்லும் வழி இப்பகுதியினூடே செல்வது. திருவொற்றியூரில் நம்பியாரூரர் சங்கிலியாரைப் பிரியேன் என்று மகிழின்கீழ்ச் சூளுற்று, அவரை மணந்தார். வசந்த காலம் வந்தது. ஆரூர்ப் பெருமான் விழா நினைவுக்கு வந்தது. சூளை மறந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். இரு கண்ணும் ஒளி இழந்தார். கண்ணிழந்த நிலையில் அவர் முதலில் வந்து தொழுத பதி, அம்பத்தூர்க்கும் ஆவடிக்கும் இடையே விளங்கும் வடதிருமுல்லைவாயில். சங்கிலி பொருட்டுத் தம் கண் கொள்ளப்பட்டதை அத்தலத்துப் பதிகத்தில் அவரே குறித்திருக்கின்றார். பின்னர்த் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் ஒரு கண்ணும், ஆரூரில் மற்றொரு கண்ணும் பெற்றார். கண் இரண்டும் வந்துவிட்டன. ஆயின் பரவையார் திருமனையின் கதவு திறக்கவில்லை.

பரவையார் பக்கத்து நியாயத்தைச் சேக்கிழார் மறைக்கவில்லை. விழாவிற்கு வந்து உடனிருப்பார் என்று எதிர்நோக்கியிருந்தவரை விட்டுச் சென்று, ஒற்றியூரிலே வேறொருத்தியை மணந்து, மீண்டும் ஒன்றும் நிகழாதது போல வந்து நிற்பவரை எங்ஙனம் ஏற்பது? நம்பியார் முன் அனுப்பிய பரிசனங்கள் மனையை அணுகவும் மாட்டாமல் திரும்பினர். அடுத்து உலகியல் நன்கு கற்ற மாந்தரை அனுப்பினார். அவர்கள் பல நீதிகளை எடுத்துக் கூறினர். அவரைப் பற்றி இன்னும் ஒரு சொல் பேசினால் உயிர் நீங்கும் என்றார் பரவையார். வந்தவர் அஞ்சி மீண்டனர். உலகியல் கற்றவர் கூறிய நீதிகள் தவறானவையாக இருந்திரா. ஆயினும் புண்பட்ட நெஞ்சுக்கு நீதி கூறுவது, தீப்பட்ட இடத்தில் இலக்கணம் பேசுவதை ஒக்கும்.

நள்ளிரவில் நம்பியார் தம்பிரானை நினைந்தார். தோழமை பூண்ட பெருமான் எழுந்தருளி, தாமே தூது செல்ல உடன்பட்டார். ஆதிசைவ அருச்சகர் வடிவு கொண்டு, தேரோடும் திருவீதியிலே திருவடி தோய நடந்து, பரவையார் வாயிலில் நின்று அழைத்தார். கோயிலிற் பூசிக்கும் பெரியவர் இவ்வேளையில் வந்தது என்னையோ என்று நடுங்கி எழுந்த அம்மையார் கதவைத் திறந்து வணங்கினார். நம்பி இம்மனைக்கு வருதல் வேண்டும் என்றார் வந்தவர். அம்மையார் மறுத்தார். அருச்சகரின் தகுதிக்கு இது தக்கதோ என்றும் வினவினார். பெருமான் மீண்டும் எடுத்துரைத்தும் பயனில்லை.

இங்கே ஓர் ஐயம் எழும். எல்லாம் வல்ல பெருமான் சென்ற தூது தோற்றது எங்ஙனம்? திருவிளையாடல் என்று கூறி மேற்செல்வது எளிது, அஃது உண்மையுங்கூட. ஆயினும் அமைச்சராயிருந்த ஆசிரியர் வேறொன்றையும் உணர்த்துகின்றார் எனலாம். முதல் முறை சென்ற தூது ஒருவர் வேண்டுகோளை மட்டும் சுமந்து சென்ற தூது. பரவையார் தம் மனக்குறையைக் கூறினார்; பெருமான் அதனைக் கேட்டார்; கேட்டதை நம்பியிடம் வந்து கூட்டாமலும் குறைக்காமலும் கூறினார். அவள் ஏலாள் என்பதை மறைத்து, நாளைக்குச் சரியாகிவிடும் என்று இனிக்கப் பேசவில்லை. நம்பியார் துடித்தார். தம் செயலால் மற்றொரு நெஞ்சு எவ்வளவு பட்டிருக்கிறது என்பது அவ்வேளையிலேதான் அவர்க்கு முழுவதும் விளங்கியது. தூது தோற்றதாகத் தோன்றிய அந்நடையே இருவர்க்கும் இடையே உண்மையைக் கொண்டுவந்து சேர்த்தது.

சொல்லைக் கூட்டாமலும் குறைக்காமலும் கொண்டு சேர்ப்பது அரிய தொண்டு. பூவிருந்தவல்லியில் தோன்றிய திருக்கச்சி நம்பிகளை வைணவ நன்மக்கள் இன்றும் போற்றுவது இதன் பொருட்டன்றோ? இராமானுசர் ஐயங்களைக் காஞ்சிப் பெருமாளிடம் விண்ணப்பித்து, பெற்ற ஆறு வார்த்தைகளை அவ்வாறே கொண்டுவந்து கொடுத்தவர் அவர். ஏழாவதாகத் தம் வார்த்தை ஒன்றைச் சேர்த்தாரில்லை. ஊரில் வழக்குப் பேசப் புகுவோரிற் பலர்க்கு அந்த ஏழாவது வார்த்தைதான் நாவிலே முந்தி நிற்கும்.

பெருமான் மீண்டும் நடந்தார். இம்முறை தம் மெய்யுருவுடன், பூதகணமும் தேவரும் முனிவரும் சூழ நடந்தார். இதற்குள் பரவையாரும் வந்துபோனவர் யாவர் என்பதைக் குறிப்பால் உணர்ந்து, மறுத்தோமே என்று உறங்காது வருந்தியிருந்தார். ஓடிவந்து வணங்கினார். அவர் இசைந்ததற்குக் கூறிய காரணம் மறவாது நோக்கத்தக்கது. நம்பியின் செயல் சரி என்று அவர் கூறவில்லை. பிழை பொறுத்தேன் என்றும் கூறவில்லை. அடியார் பொருட்டு நள்ளிரவில் இங்கும் அங்குமாக நடந்து திருவடி வருந்தினீரே, இனி இசையாமல் என் செய்வேன் என்ற கருத்திலேயே இசைந்தார். வென்றது வாதம் அன்று, நடை. எவர் பிழை பெரிது என்னும் கணக்கு அவ்விரவிலே முடிக்கப்படவே இல்லை. முடிக்கப்படாமலே பரவையார் மனையில் விளக்கேற்றி, நிறைகுடம் வைத்து, மலர் தூவி நம்பியாரை எதிர்கொண்டார்.

இக்காலத்து நீதிமன்றங்களும் இந்நெறியை நாடத் தொடங்கியிருப்பது மகிழத்தக்கது. 1987 ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் சட்டத்தால் மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத் நிலைபெற்றது. இருவரும் இசைந்து அங்கே முடித்த வழக்கிற்கு மேல்முறையீடு இல்லை. கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். 2005 ஆம் ஆண்டிற் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் நிறுவப்பெற்றது. அங்கு நடுவிருப்பவர் தீர்ப்புக் கூறுவதில்லை. இருவரையும் ஒருங்கே வைத்துக் கேட்பார். வேண்டுமாயின் ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் கேட்பார். தனிமையிற் கேட்டதைச் சொன்னவர் இசைவின்றி மற்றவரிடம் கூறார். 2023 ஆம் ஆண்டிற் பாராளுமன்றம் இயற்றிய மத்தியஸ்தச் சட்டத்தில், ஓர் ஊரார்க்கு உள்ளே அமைதி குலைக்கக்கூடிய பிணக்குகளை, இருதிறத்தாரும் இசைந்தால், மூவர் குழு அமர்ந்து சமரசம் செய்தற்கும் இடம் வகுத்திருக்கின்றனர். ஆரூர்த் தெருவில் நடந்ததைச் சட்டத்தின் மொழியில் எழுதினால் ஏறத்தாழ இவ்வாறுதான் அமையும்.

நம்பியாரூரர் கதை இத்துடன் முடிந்திருந்தால் இனிதாயிருக்கும். ஆனால் ஒரு பிணக்குத் தீர்ந்த முறையே மற்றொரு பிணக்கிற்கு வித்தாயிற்று. திருப்பெருமங்கலத்தில் ஏயர்கோன் கலிக்காம நாயனார் இச்செய்தியைக் கேட்டார். ஒரு பெண்ணின் ஊடலைத் தீர்க்க ஆண்டவனை ஏவுவதா, அவ்வாறு ஏவியவனும் ஓர் அடியவனா என்று உள்ளம் கொதித்தார். அச்சினம் பக்தியிற் பிறந்த சினம். ஆதலினாலேயே அது தணிவதற்கு அரிதாயிற்று. பொருளாசையாற் பிறந்த சினத்தைப் பொருள் கொடுத்து ஆற்றலாம். தன் பக்கமே தெய்வம் இருக்கின்றது என்று எண்ணுவோனை எதனால் ஆற்றுவது? நம்பியாரோ இதனைக் கேட்டு வெகுளவில்லை. தம்மிடம் பிழை உண்டு என்று உடன்பட்டு, பெருமானிடமே முறையிட்டார்.

பெருமான் கலிக்காமர்க்குச் சூலைநோயை ஊட்டி, வன்றொண்டன் வந்தாலன்றி இது தீராது என்று உணர்த்தினார். அதற்குக் கலிக்காமர் விடுத்த மறுமொழி, திருப்பணி செய்யும் ஊரார் அனைவரும் உள்ளத்திற் பதித்துக்கொள்ள வேண்டுவது. வழிவழியாக உமக்கே ஆட்பட்டு வரும் குடி எம்முடையது. புதிதாக நீர் ஆண்டுகொண்ட ஒருவனோ எம் நோயைத் தீர்ப்பான்? நோயே வருத்தட்டும், அவன் வரவேண்டா என்பது அதன் கருத்து.

இச்சொல் ஏதோ பழங்காலத்துச் சொல் அன்று. வயலும் ஏரியுமாய் இருந்த வானகரத்தைச் சுற்றி இன்று பெருவழிகளும் அடுக்குமாடி வீடுகளும் எழுந்துள்ளன. கோயில் விளக்கிற்கு நான்கு தலைமுறையாக எண்ணெய் வார்த்த குடியினரும் இங்கு இருக்கின்றனர். பிழைப்பின் பொருட்டு நேற்று வந்து குடியேறி, வந்த ஆண்டே விமானத் திருப்பணிக்கு வாரிக் கொடுத்தவரும் இருக்கின்றனர். முன்னவர் வழிவழித் தொண்டு என்கின்றனர்; பின்னவர் நாங்கள் கொடுத்ததும் பொருள்தானே என்கின்றனர். இருவர் கூற்றும் பொய்யன்று. சாக்கடை நீர் எவ்வழி ஓடுவது, வண்டியை எவர் வாயிலில் நிறுத்துவது, தண்ணீர் லாரி முதலில் எத்தெருவிற்கு வருவது என்னும் அன்றாடச் சச்சரவுகளின் அடியிலும் பல வேளைகளில் இந்த வழிவழி, புதிது என்னும் பிளவே கிடக்கக் காணலாம்.

நம்பியார் வருகின்றார் என்று கேட்டவுடன், அவன் வருமுன் உயிரோடு நோயையும் போக்குவேன் என்று கலிக்காமர் உடைவாளால் வயிற்றைக் கிழித்துக்கொண்டார். மற்றவன் கூறுவதைக் கேளேன் என்னும் மறுப்பு முற்றும்போது எங்கே சென்று முடியும் என்பதைச் சேக்கிழார் ஒளிக்காமற் காட்டியிருக்கின்றார். கலிக்காமரின் தேவியார் மானக்கஞ்சாற நாயனாரின் திருமகளார். கணவருடன் உயிர்விடத் துணிந்த அவ்வம்மையார், நம்பியார் அண்மையில் வந்துவிட்டார் என்று அறிந்து, மனையிலுள்ளோர் அழுகையை நிறுத்தி, எதிர்கொண்டு வணங்கச் செய்தார். நம்பியாரை இருக்கையில் அமர்த்தி வழிபட்டனர். நாயனார் எங்கே என்று அவர் வினவினார். தீங்கு ஒன்றும் இல்லை, உள்ளே உறங்குகின்றார் என்றனர்.

பிணக்குற்ற மனைகளிலெல்லாம் வந்தவர்க்குக் கூறப்படும் மறுமொழி இதுவே. ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாகிவிட்டது. அவர் உறங்குகின்றார். நடுவே வந்தவர்க்கும் இஃது இனிய சொல். வந்த கடன் முடிந்தது என்று காபி அருந்தி விடைபெற்றுக் கொள்ளலாம். நம்பியார் விடைபெறவில்லை. தீங்கு இல்லை என்கின்றீர், ஆயினும் என் உள்ளம் தெளியவில்லை, அவரை நான் காணல் வேண்டும் என்று வற்புறுத்தினார். உள்ளே சென்றார், குருதியிற் கிடந்தவரைக் கண்டார். இவர் பிழை என்று அவர் வாய் திறக்கவில்லை. யானும் இவருடன் செல்வேன் என்று அவ்வாளையே பற்றினார். அக்கணம் இறைவன் திருவருளாற் கலிக்காமர் உயிர்பெற்று எழுந்து, அந்த வாளைப் பற்றித் தடுத்தார். எந்தக் கை நம்பியார் வருதலைத் தடுக்க வாளெடுத்ததோ அந்தக் கையே அவர் மாய்வதைத் தடுக்க வாளைப் பிடித்தது. நம்பியார் அவர் திருவடியில் வீழ்ந்தார். அவரும் வாளை எறிந்து நம்பியார் திருவடியில் வீழ்ந்தார். எவர் முதலில் வீழ்ந்தார் என்று ஆராய்வார் இருப்பின் அவர்கள் பரிவட்ட வழக்கிற்குப் போகலாம்.

பின்னர் இருவரும் சேர்ந்து திருப்புன்கூருக்குச் சென்றனர். திருநாளைப்போவார் தரிசிக்கும் பொருட்டு நந்தி விலகியிருந்த திருத்தலம் அது. ஏயர்கோனின் பிணி தவிர்ந்ததை நம்பியார் அத்தலத்துப் பதிகத்திற் பாடியிருக்கின்றார். அங்கிருந்து ஆரூர் வந்தனர். சிலநாள் உடனிருந்து, பூங்கோயிற் பெருமானை இருவரும் ஒருங்கு தொழுதனர். அதன் பின்னர்க் கலிக்காமர் நம்பியாரிடம் விடைபெற்று, திருப்பெருமங்கலம் சென்று, தம் குடிக்கு வழிவழி உரிய திருத்தொண்டினை முன்போலச் செய்துகொண்டிருந்தார்.

திருச்சிற்றம்பலம்